வெள்ளூத்தின் நான்கு அமரர்கள்

செத்துப்போன நான்கு தலைவர்களும் வெள்ளூத்துப் பேரூராட்சியின் சிறப்புக் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது காலை மணி பத்தே முக்கால். செத்த வரிசைப்படியே வந்தார்கள். முன்னால் அம்பலவாணன், அவருக்குப் பின்னால் சீனிவாசகம், அவருக்குப் பின்னால் தோதாத்திரி, கடைசியாக, செத்து ஆறே வருஷம் ஆகியிருந்த வேலாயுதம். வாசலில் கிடந்த சாக்கில் நான்கு பேரும் கால் துடைத்தார்கள், துடைத்த இடத்தில் சாம்பல் ஒட்டியது, வாட்ச்மேன் எழுந்து நின்று கும்பிட்டான், ஏனென்றால் அவனுக்கு அந்த வேலையைப் போட்டுக்கொடுத்ததே வேலாயுதம்தான். உள்ளே சுவரில் வரிசையாக மாட்டியிருந்த நான்கு படங்களிலும் அந்நேரம் சந்தன மாலையும் கண்ணாடியும் மட்டுமே இருந்தன. செயல் அலுவலர் நவநீதனுக்கு வந்த கவலை ஒன்றே ஒன்றுதான், அரங்கில் இருந்தவை பதினைந்து நாற்காலிகள். பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு ஆள் அனுப்பி நான்கு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துவரச் சொன்னார்.

நாற்காலிகள் வருவதற்குள் வேலாயுதம் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்தது தலைவர் நாற்காலியில்.

வெளியே காலனிப் பெண்களோடு பேசிக்கொண்டிருந்த இருளாயி உள்ளே வந்து அதைப் பார்த்தாள். அவளுக்குப் பயம் வரவில்லை, திகைப்பும் வரவில்லை, கோபம்தான் வந்தது, ஏனென்றால் அந்த நாற்காலி மூன்று மாதமாக அவளுடையது.

“எந்திரிங்க” என்றாள்.

“இது நான் தேக்குல செஞ்சுபோட்ட நாற்காலி” என்றார் வேலாயுதம். குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. “நீ அங்கிட்டுப் போய் உக்காரு.”

“செஞ்சது ஆசாரி. போட்டது ஊரு. இப்ப உக்கார உத்தரவு எனக்கு.”

துணைத் தலைவர் திருமலைச்சாமி, அவர் வேலாயுதத்தின் மகன், நெளிந்தபடி சொன்னார். “அப்பா உக்காரட்டும் இருளாயி. வயசானவரு.”

“வயசானவரு இல்ல. செத்தவரு.”

யாரும் எழவில்லை. இருளாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மைக்கையும் பூச்சாடியையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, தலைவர் மேசைமேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு மட்டுமல்ல, அந்தப் பேரூராட்சி உயிரோடு இருந்த கடைசி நாள்வரைக்கும் அவள் அந்த மேசைமேல் உட்கார்ந்துதான் கூட்டம் நடத்தினாள்.

வெள்ளூத்து பேரூராட்சியாகி அறுபத்து மூன்று வருஷம். முதல் தலைவர் அம்பலவாணன் காலத்தில் மின்சாரம் வந்தது, அறுபத்து நான்கு கம்பங்கள் நட்டார்கள், அறுபத்து நான்காவது கம்பம் ஓடைப்பாலத்துக்கு இந்தப்பக்கம் நின்றது, அதற்கு மேல் நட வேண்டிய கம்பங்கள் ஓடைக்குள் பத்து வருஷம் படுத்துக்கிடந்து துருப்பிடித்தன. இரண்டாவது தலைவர் சீனிவாசகம் குடிநீர்த் தொட்டி கட்டினார், அதிலிருந்து கிளம்பிய குழாய் தெருத்தெருவாகப் போய் அதே ஓடைப்பாலத்தில் வந்து நின்றது. மூன்றாவது தலைவர் தோதாத்திரி அலுவலகக் கட்டிடம் கட்டினார், பாலத்துக்கு அப்பாலிருந்து வருகிறவர்கள் மனுக் கொடுக்க வடக்குச் சுவரில் தனியாக ஒரு ஜன்னல் வைத்தார். நான்காவது தலைவர் வேலாயுதம் சிமெண்டு ரோடு போட்டார், அதுவும் பாலத்தோடு நின்றது. பாலத்தைத் தாண்டி அவர் காலத்தில் போய்ச் சேர்ந்தது ஒன்று உண்டு, ஊர்க் குப்பை. பாலத்துக்கு அப்பால் காலனி, நூற்றுப்பன்னிரண்டு வீடு, பன்னிரண்டாவது வார்டு.

வேலாயுதம் தலைவராக இருந்தபோதுதான் இருளாயியின் அப்பா மாடசாமி இந்த அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கிற செப்டிக் டேங்கில் இறங்கினார். அடைப்பு எடுக்க இறக்கிவிட்டவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். மூன்று மணி நேரம் கழித்துக் காலனி ஆட்கள் வந்துதான் தூக்கினார்கள். தலைவியானதும் முதல் காரியமாக இருளாயி அந்த மாதத்துத் தீர்மானப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் படித்தாள். பங்குனித் திருவிழாவுக்குச் சீரியல் லைட் கட்டுவதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. மாடசாமியைப் பற்றி ஒரு வரி இல்லை.

அவள் தலைவியானது ஊர் விரும்பி நடந்ததல்ல. இருபது வருஷம் தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தவள், கந்தகத் தூசியில் கண் போன பெண்களுக்காக ஆலை வாசலில் நாற்பது நாள் உட்கார்ந்தவள், அந்தப் பேரில் பன்னிரண்டாவது வார்டில் ஜெயித்தாள். அந்த வருஷம்தான் அரசாங்கம் அறுபத்து மூன்று வருஷத்தில் முதல் முறையாக வெள்ளூத்துத் தலைவர் பதவியைப் பட்டியல் சாதிப் பெண்ணுக்கு என்று ஒதுக்கியது. பதினைந்து உறுப்பினர்களில் அந்தக் கணக்குக்கு உரியவள் இவள் ஒருத்திதான். வேறு வழியில்லாமல் அவளை உட்காரவைத்தார்கள். உட்கார்ந்த மறுநாளே அலுவலகத்தில் டீ வாங்குவது நின்றுபோனது. கேட்டதற்கு எல்லாருக்கும் சர்க்கரை இருக்கிறது என்றார்கள்.

இரண்டாவது மாதத்தில் திருமலைச்சாமி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். வெள்ளூத்துப் பேரூராட்சியை ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற செங்குளக்கோட்டை நகராட்சியோடு இணைத்துவிட வேண்டும், ஊர் வளர்ச்சிக்காக. அறுபத்து மூன்று வருஷமாக வராத வளர்ச்சி ஆசை ஏன் இப்போது வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். இவள் உட்காருவதைவிட நாற்காலியே இல்லாமல் போகட்டும் என்பதுதான் விஷயம். ஆனால் ஒரு பிறப்புச் சான்றிதழுக்குக்கூட ஒன்பது கிலோமீட்டர் பஸ் ஏற வேண்டும் என்பதை யோசித்த மூன்றாவது வார்டு ரஹமத் பீவியும் இன்னும் ஆறு பேரும் இருளாயியோடு நின்றார்கள். எட்டுக்கு ஏழு. தீர்மானம் தோற்றது. அதற்குப் பிறகுதான் சிறப்புக் கூட்டம், அதற்குத்தான் செத்தவர்கள் வந்தது.

“எறந்தவங்க ஓட்டுப் போடலாமா?” என்று மேசைமேல் உட்கார்ந்தபடி இருளாயி கேட்டாள்.

நவநீதன் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். “எறந்தா உறுப்பினர் பதவி காலியாயிரும்னு இருக்கு மேடம். ஆனா இவங்க உறுப்பினரா வரல.”

“பின்ன என்னவா வந்திருக்காங்க?”

அவர் நான்கு பழைய தீர்மானப் புத்தகங்களை எடுத்து வைத்தார். நான்கு பேரும் செத்தபோது படம் மாட்டுவதற்காகப் போட்ட இரங்கல் தீர்மானங்கள். நான்கிலும் ஒரே வாசகம். எழுத்து மாறியிருந்ததே தவிர சொல் மாறவில்லை. அமரர் அவர்கள் இம்மன்றத்தில் என்றென்றும் வாழ்ந்து, தமது வாக்கை வழங்கி, எம்மை வழிநடத்துவார் என இம்மன்றம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.

“வாக்குன்னா சொல்லு” என்றாள் இருளாயி.

“சொல்லுன்னும் அர்த்தம் இருக்கு மேடம். ஓட்டுன்னும் அர்த்தம் இருக்கு. ஏகமனதா நிறைவேறினதுக்கு நான் எப்படி அர்த்தத்தச் சுருக்குறது?”

“அப்ப அந்த நாலு தீர்மானத்தையும் ரத்து பண்ணுங்க.”

“அதுக்கு ஓட்டெடுக்கணும்.”

எடுத்தார்கள். பதினொன்றுக்கு எட்டு. செத்தவர்கள் நான்கு பேரும் தாங்கள் இருக்க வேண்டும் என்று கையைத் தூக்கினார்கள். பிறகு இணைப்புத் தீர்மானத்துக்கும் கையைத் தூக்கினார்கள், தூக்கிய கைகளிலிருந்து சாம்பல் மெல்ல உதிர்ந்து நிகழ்ச்சி நிரல்மேல் விழுந்தது, நவநீதன் அதை ஊதிவிட்டு எழுதினார். பதினொன்றுக்கு எட்டு. ரஹமத் பீவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். இருளாயி இறங்கவில்லை. எல்லாரும் போகிறவரைக்கும், மின்விசிறியை அணைக்கிறவரைக்கும், அந்த மேசைமேலேயே இருந்தாள்.

மறுநாள் பஸ் ஏறி மாவட்ட அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுத்தாள். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாக உட்காரச் சொன்னார், மனுவைப் படித்தார், “தீர்மானம் முறைப்படி நிறைவேறியிருக்கேம்மா” என்றார். செத்தவர்கள் என்று இவள் சொன்னதற்கு, “வருகைப் பதிவேட்டுல கையெழுத்து இருக்கு” என்றார். மேலிடத்து உத்தரவு வர மூன்று மாதம் ஆகும் என்றும் அதுவரை அவள்தான் தலைவி என்றும் சொல்லி அனுப்பினார்.

அந்த மூன்று மாதமும் அமரர்கள் ஊரில்தான் இருந்தார்கள், ஏனென்றால் எப்படித் திரும்பிப் போவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. முதல் வாரம் பேண்டு வாத்தியமும் பிளக்ஸ் போர்டுமாக ஊர் கொண்டாடியது. டவுன் பஸ் கண்டக்டர் இரண்டு நாள் யோசித்துவிட்டு அவர்களிடம் டிக்கெட் கேட்பதில்லை என்று முடிவெடுத்தார். அம்பலவாணன் சவரக் கடைக்குப் போய் உட்கார்ந்தார், கத்தி பட்ட இடமெல்லாம் தூளாக உதிர்ந்ததும் கடைக்காரர் அரைகுறையாக நிறுத்திப் பவுடர் போட்டு அனுப்பினார். டீக்கடையில் அவர்கள் குடித்த டீ எங்கும் தங்காமல் பெஞ்சுக்குக் கீழே சொட்டியது, கடைக்காரர் அதற்கென ஒரு வாளி வைத்தார். ரேஷன் கடையில் நான்கு குடும்பமும் நீக்கிய பெயரைத் திரும்பச் சேர்க்க எழுதிக் கொடுத்தன, ஒரு கையெழுத்தில் நீக்கியதை இன்னொரு கையெழுத்தில் சேர்ப்பதில் கடை ஊழியருக்குத் தடை ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு சங்கடம் ஆரம்பித்தது. அம்பலவாணன் தன் அறையைக் கேட்டார், அதை மகள்வயிற்றுப் பேரன் செல்போன் கடையாக்கி நாலு வருஷமாகியிருந்தது. சீனிவாசகத்தின் வீடு கைமாறிப் போயிருந்தது, அவர் அதே வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார், வாங்கினவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போகப் பழகினார்கள். தோதாத்திரி மூன்று மகன்களையும் கூப்பிட்டுப் பாகப்பிரிவினையை முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்.

ஒரு நாள் காலை தண்ணீர்த் தொட்டியடியில் திருமலைச்சாமியின் மனைவி செண்பகம் இருளாயியை வழிமறித்தாள். அதற்கு முன் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“ஒரு தடவ அழுது முடிச்சாச்சுக்கா. பதினாறு நாள் காரியம் பண்ணி, எல்லாத்தையும் தலமுழுகியாச்சு. இப்பத் தெனமும் காலையில மெத்தையில சாம்பல் கூட்டுறேன். சோறு திங்க மாட்டாரு, ஆனா வாசன புடிக்கணும்னு மூணு வேளையும் ஆக்கச் சொல்றாரு. நீங்கதான தலைவி, எப்படியாச்சும் அனுப்பி வைங்க.”

“உங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லுங்க.”

“சொன்னேன். உத்தரவு வர்றவரைக்கும் பொறுத்துக்கோங்கிறாரு.”

“அப்பப் பொறுத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு இருளாயி நடந்தாள். நாலு எட்டு வைத்ததும் அந்தப் பெண்ணிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது, ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

காலனியில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. நம்ம ஆட்கள் ஏன் வரவில்லை? பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், புருஷனைப் பறிகொடுத்தவர்கள், கொஞ்ச நாள் வாசலில் விளக்கு வைத்துக்கூடப் பார்த்தார்கள். இருளாயியிடம் வந்து கேட்டார்கள். “நம்ம ஆளுக்கு யாரும் தீர்மானம் போடல” என்றாள்.

மாதக் கூட்டங்களில் ஓடைப்பாலத்திலிருந்து காலனிக்கு இருநூறு அடி குழாய் இழுக்கும் தீர்மானத்தை மூன்று முறை கொண்டுவந்தாள். மூன்று முறையும் அமரர்கள் வந்தார்கள், கால் துடைத்தார்கள், கையைத் தூக்கினார்கள். பதினொன்றுக்கு எட்டு, பதினொன்றுக்கு எட்டு, பதினொன்றுக்கு எட்டு. சீனிவாசகத்துக்குக் காது கேட்காது, எதற்கு ஓட்டு என்றே தெரியாமல் மற்றவர்கள் தூக்கியதும் தூக்கினார். காலனியில் அப்போது குப்பைமேட்டுப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் கிடந்தார்கள். ஒரு வீட்டில் மூன்று வயசுக் குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

அந்தச் சாவுக்குப் போய்விட்டு நேரே அலுவலகத்துக்கு வந்த இருளாயியைப் பார்த்ததும் நவநீதன் எழுந்து நின்றார். கதவைச் சாத்தினார். “ஒண்ணு சொல்லட்டுமா மேடம்? நோய் பரவுற அவசரம்னா, மன்றத்தக் கேக்காமயே தலைவர் வேலை உத்தரவு போடலாம். சட்டத்துல இருக்கு.”

“எப்ப இருந்து இருக்கு?”

“எப்பவுமே இருக்கு.”

“ஏன் இத்தன நாளாச் சொல்லல?”

“நீங்க கேக்கல” என்றார் நவநீதன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவரை அறைந்துவிடாமல் இருக்க இருளாயி இரண்டு கையையும் மேசை விளிம்பில் பிடித்துக்கொண்டாள். பிறகு தாளை இழுத்து, நின்றபடியே உத்தரவை எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலை விடுமுறை. முப்பது பெண்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாக வந்தார்கள். பேரூராட்சிக் கிடங்கில் பதினான்கு வருஷமாகச் சும்மா கிடந்த குழாய்களைத் தலைச்சுமையாகத் தூக்கிவந்தார்கள். ரஹமத் பீவி மோர் கரைத்து எடுத்துவந்தாள். ஓடைப்பாலத்தில் தொடங்கி முட்டளவு ஆழத்துக்குப் பள்ளம் தோண்டினார்கள், பதினொரு மணி வெயிலில் நூற்றைம்பது அடி வந்துவிட்டார்கள். அப்போதுதான் அமரர்கள் பாலத்தைத் தாண்டி வந்தார்கள். உயிரோடு இருந்தவரை அவர்களில் ஒருவரும் தாண்டியதில்லை. வந்து, ஒருவர்பின் ஒருவராகப் பள்ளத்தில் இறங்கி, காலை நீட்டி உட்கார்ந்தார்கள்.

மண்வெட்டிகள் நின்றன. செத்த தலைவர்களைத் தொட்டுத் தூக்க யாருக்கும் கை வரவில்லை.

“மண்ணு போடுவியா எங்க மேல?” என்று வேலாயுதம் கேட்டார். “போடு பாப்போம்.”

இருளாயி பள்ளத்தின் விளிம்பில் குந்தி அவர் முகத்துக்கு நேராகப் பேசினாள். கத்தவில்லை. “எங்கப்பன் உங்க குழிக்குள்ள எறங்குனாரு. மூணு மணி நேரம் கழிச்சுத்தான் தூக்குனோம். நீங்க எங்க குழிக்குள்ள உக்காந்திருக்கீங்க. நான் மூணு மணி நேரமெல்லாம் பாக்க மாட்டேன்.”

எழுந்து மண்வெட்டியை எடுத்தாள். முதல் மண் அவர் மடியில் விழுந்தது, இரண்டாவது மண் நெஞ்சில் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் குழந்தையைப் பறிகொடுத்தவள் அடுத்த மண்ணை அள்ளினாள். பிறகு முப்பது பேரும் அள்ளினார்கள். அம்பலவாணன் முதலில் எழுந்து வேட்டியை உதறினார், சீனிவாசகம் ஒன்றும் புரியாமல் அவர் பின்னாலேயே ஏறினார், தோதாத்திரி ஏறினார், வேலாயுதம் மட்டும் கழுத்தளவு மண் வருகிறவரை இருந்து பார்த்தார். யாரும் நிறுத்தவில்லை. கடைசியில் அவரும் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தார்.

“உத்தரவு வரட்டும். இத வேரோட புடுங்கி எறியச் சொல்றேன்” என்றார். பெண்கள் அவர்மேல் போட்ட மண்ணைத் திரும்ப அள்ளி வெளியே எறிந்துவிட்டு, மீதி ஐம்பது அடியையும் தோண்டிக் குழாயை இறக்கினார்கள். சாயங்காலம் நாலரை மணிக்குக் காலனியில் முதல் முறையாகத் தண்ணீர் வந்தது, முதல் ஐந்து நிமிஷம் துருவாக, பிறகு தண்ணீராக.

அடுத்த பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. இருளாயியின் பதவி ஒழிந்தது அதில் ஒரே ஒரு வரி. அதை நின்றுகொண்டே படித்தாள். பதினைந்து வார்டுகள் நகராட்சியின் முப்பத்து நான்கு, முப்பத்தைந்து என்று இரண்டாயின, கோடு காலனிக்கு நடுவே போயிற்று, எதிரெதிர் வீட்டுக்காரர்கள் வேறு வேறு வார்டானார்கள், இனிமேல் எந்த வார்டிலும் அவர்கள் ஓட்டுக்கு எடை கிடையாது. மேலத்தெருவில் வெடி போட்டார்கள். அலுவலகப் பலகையைக் கழற்றிவிட்டு நகராட்சி வசூல் மையம் என்று எழுதி மாட்டினார்கள். தேக்கு நாற்காலியையும் மேசையையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். குழாயைப் பிடுங்க மட்டும் யாரும் வரவில்லை, செங்குளக்கோட்டை வரைபடத்தில் அப்படி ஒரு குழாயே இல்லை என்பதால்.

மூன்றாம் நாள் அமரர்கள் நாற ஆரம்பித்தார்கள்.

அதுவரை அவர்களிடம் சாம்பல் மணம் மட்டும்தான் இருந்தது. இப்போது சதை வந்து, அந்தச் சதை அழுகியது. மாற்றல் உத்தரவு வாங்கிக்கொண்டு பெட்டி கட்டிக்கொண்டிருந்த நவநீதனிடம் மகன்கள் ஓடிப்போய்க் கேட்டார்கள். “அவங்க வாழ்ந்தது மன்றத்துலங்க. மன்றம்தான் இப்ப இல்லியே” என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார். டீக்கடைக்காரர் வாளியைத் தூக்கி எறிந்தார். செண்பகம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். காக்கைகள் அவர்களைத் தெருத்தெருவாகப் பின்தொடர்ந்தன, நான்கு பேரும் கைகளால் விரட்டிக்கொண்டே நடந்தார்கள்.

எரித்துவிட வேண்டியதுதான் என்று மகன்கள் முடிவெடுத்தார்கள். ஆனால் வெள்ளூத்துச் சுடுகாட்டை நகராட்சி மூடிவிட்டிருந்தது, இனி எல்லாப் பிணமும் செங்குளக்கோட்டை கேஸ் தகன மேடைக்குத்தான். வேன் பிடித்துப் போனார்கள். அங்கே கம்ப்யூட்டரில் பெயரைப் போட்டதும் ஏற்கெனவே எரித்தாகிவிட்டது என்று வந்தது. “ஒரு ஆளுக்கு ஒரு தடவதான் சார்” என்றான் அங்கிருந்தவன். அங்கேயே இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். மறுநாள் காலை நான்கு பேரும் ஒன்பது கிலோமீட்டர் நடந்து வந்து அவரவர் வாசலில் நின்றார்கள்.

அன்று மத்தியானம் திருமலைச்சாமி மற்ற மகன்களையும் பேரனையும் கூட்டிக்கொண்டு ஓடைப்பாலத்தைத் தாண்டிக் காலனிக்கு வந்தார். எல்லார் மூக்கிலும் துண்டு கட்டியிருந்தது. பின்னால் அமரர்கள் வந்தார்கள். இருளாயியின் அண்ணன் சன்னாசி முப்பது வருஷமாக வெள்ளூத்துப் பிணங்களை எரித்தவன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவன் அவர்களைக் கண்டதும் பழக்கத்தில் எழுந்தான், பழக்கத்தில் மேல்துண்டை இடுப்பில் கட்டினான், பழக்கத்தில் கூரையில் செருகியிருந்த கம்பை உருவினான்.

“சன்னாசி, ரெண்டு மணி நேர வேலப்பா” என்றார் திருமலைச்சாமி. “மூடுன சுடுகாட்ட யாரு வந்து பாக்கப்போறா.”

வீட்டுக்குள்ளிருந்து இருளாயி வந்தாள். “அண்ணே, நில்லு.”

“பொணம் காத்திருக்கக் கூடாதுத்தா” என்றான் சன்னாசி.

“இது காத்திருக்கிற பொணம் இல்ல. கையெழுத்துப் போட்ட பொணம்.”

வேலாயுதம் மகனை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ஒரு பக்கத் தாடை தொங்கிவிட்டிருந்தது, அதைக் கையால் தாங்கிக்கொண்டு பேசினார். “தலைவரம்மா” என்றார்.

காலனி மொத்தமும் வெளியே வந்து நின்றிருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டதும் யாரோ ஒருத்தி வாய்க்குள் என்னவோ முனகினாள். இருளாயிக்கு மனம் இளகவில்லை. காது மடல்தான் சுட்டது.

“இத நான் மேசைமேல உக்காந்திருந்தப்பச் சொல்லியிருக்கணும். இப்ப அப்படி ஒரு பதவி கெடையாது. நீங்கதான் கை தூக்கி அழிச்சீங்க.”

“இருளாயி, என்ன வேணும்னு சொல்லு” என்றார் திருமலைச்சாமி. “எதுன்னாலும் செய்றேன். இவர இப்படிப் பாக்க முடியல.” கண் கலங்கியிருந்தது, அது நாற்றத்தால் மட்டும் அல்ல.

“எனக்கு உங்ககிட்ட ஒண்ணும் வேணாம். எங்க ஆளு எரிக்க மாட்டான். இன்னைக்கு மட்டுமில்ல, இனி எப்பவும். உங்கப்பா. நீங்க எரிங்க.”

“எங்களுக்குத் தெரியாதே.”

“எங்களுக்கும் பொறக்கும்போது தெரியாது.”

சன்னாசியின் கையிலிருந்து கம்பை வாங்கி அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

பூட்டை உடைத்து உள்ளே போனார்கள். மகன்களும் பேரனுமாக விறகு வெட்டினார்கள், எரு சுமந்தார்கள், உள்ளங்கை கொப்பளித்தது, வெள்ளை வேட்டிகள் மண்ணாயின. அடுக்கிய விறகு இரண்டு முறை சரிந்தது. காலனி சனம் சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று பார்த்தது, எப்படி அடுக்குவதென்று சொல்ல வாயெடுத்த சன்னாசியை இருளாயி ஒரு பார்வை பார்த்தாள், அவன் வாயை மூடிக்கொண்டான். மூன்று மணிக்கு நான்கு சிதை தயாரானது. அமரர்கள் தாங்களே ஏறிப் படுத்தார்கள். சீனிவாசகத்துக்கு மட்டும் காதருகில் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

தீ பிடித்தது. அரை மணி நேரத்தில் சன்னாசியின் கால்கள் நிலைகொள்ளாமல் தவித்தன, அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். சூட்டில் நரம்பு இழுக்கும்போது பிணம் எழும்பும், அப்போது கம்பால் அடித்துப் படுக்கவைக்க வேண்டும், ஊரில் பெற்ற அப்பனை யாரும் அப்படிப் பார்த்ததில்லை, கொள்ளி வைத்ததும் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். முப்பது வருஷமாக அவர்களுக்காகப் பார்த்தவன் சன்னாசி, அப்படிப் பார்த்த எத்தனையோ நாள் வீட்டுக்கு வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடாமலே எழுந்து போயிருக்கிறான்.

தீக்குள்ளிருந்து வேலாயுதத்தின் வலது கை மேலே எழும்பியது. தோளும் எழும்பியது. திருமலைச்சாமி இரண்டடி பின்னால் வந்து, சுவருக்கு வெளியே நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார், சன்னாசியைப் பார்த்தார், ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் அசையவில்லை.

“அடிங்க” என்றாள் இருளாயி.

அவர் கம்பை ஓங்கினார், ஓங்கியபடியே நின்றார்.

“அடிங்க.”

அடித்தார்.